அணுக்கரு ஆய்வு: பிரிட்டன் எதை இழக்கவிருந்தது?

அணுவின் நடுவே ஒரு கரு இருக்கிறது என்ற செய்தி உலகுக்கு முதலில் சொல்லப்பட்டது பிரிட்டனிலிருந்துதான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் 1911 ஆம் ஆண்டில் அதை அறிவித்தார்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2009 டிசம்பர் 16 ஆம் தேதி, அதே நாட்டில் வேறொரு அறிவிப்பு வெளியானது. பிரிட்டனின் அறிவியல் மற்றும் தொழில்நுட்ப வசதிகள் மன்றம் தனது செலவுகளைக் குறைப்பதற்காகப் பல ஆய்வுத் திட்டங்களிலிருந்து படிப்படியாக விலகப்போவதாகக் கூறியது. அந்தப் பட்டியலில் அணுக்கரு இயற்பியல் துறையின் முக்கியமான மூன்று சர்வதேசத் திட்டங்களான ஆலிஸ், அகாட்டா, பாண்டா ஆகியவை இடம்பெற்றிருந்தன. முனைவர் பட்ட மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் புதிதாக வழங்கப்படும் உதவித்தொகைகளின் எண்ணிக்கையும் கால் பங்கு குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த அறிவிப்பு வெளியான நேரம் ஆய்வாளர்களை மேலும் வேதனைப்படுத்தியது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுமையத்தில் நிலத்தடியில் அமைந்த பெரும் ஹாட்ரான் மோதுவியில் முதலாவது மோதல்கள் பதிவானது 2009 நவம்பர் 23 ஆம் தேதி. அதிலிருந்து கிடைத்த தரவைக் கொண்டு ஒரு சில நாட்களுக்குள் முதலாவது ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்தது ஆலிஸ் குழுதான். அதற்குப் பின் மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கருவிகளைச் செய்து கொடுத்த பிரிட்டிஷ் குழுவினருக்கு, இனிப் பணம் இல்லை என்று சொல்லப்பட்டது.

சாதாரண வாசகருக்கு இதில் எழக்கூடிய கேள்வி நியாயமானதே. மருத்துவமனைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பணம் போதாத காலத்தில், கண்ணுக்குத் தெரியாத அணுக்கரு உருண்டையாக இருக்கிறதா, நீண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அரசு ஏன் செலவிட வேண்டும்?

மோதவைத்துப் பார்ப்பது ஏன்?

ஓர் அணுவை ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு ஆடுகளத்தின் நடுவே கிடக்கும் ஒரு மிளகு அளவுக்கு மேல் இருக்காது. ஆனால் அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அந்த மிளகுக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கியடித்துக் கொண்டிருக்கின்றன. நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. மிகக் குறுகிய தூரத்தில் மட்டுமே செயல்படும் வலுவான ஒரு விசை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த இழுபறியின் விளைவை முழுமையாகக் கணக்கிட்டுச் சொல்வது இன்றும் எளிதல்ல. சில துகள்கள் மட்டுமே கொண்ட கருவை அடிப்படை விதிகளிலிருந்து தொடங்கிக் கணக்கிட முடிகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட துகள்கள் கொண்ட யுரேனியம் போன்ற கருவுக்கு அப்படிச் செய்வது கடினம். ஆகவே கருவின் கட்டமைப்பு பற்றிய அறிவில் பெரும் பகுதி பரிசோதனை மூலமாகவே வந்திருக்கிறது.

1949 ஆம் ஆண்டில் மரியா கோப்பெர்ட் மேயரும், தனியாக ஹான்ஸ் ஜென்சன் குழுவினரும், கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை விளக்கினார்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ இருந்தால் அடுக்கு நிரம்பிவிடுகிறது. அத்தகைய கரு வழக்கத்தைவிட உறுதியாக இருக்கிறது. இவற்றுக்கு 'மாய எண்கள்' என்று பெயர். நிரம்பாத அடுக்குகளைக் கொண்ட கருக்கள் பலவும் உருண்டையாக இருப்பதில்லை. நீண்டோ தட்டையாகவோ உருமாறுகின்றன.

அந்த உருவத்தை எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். ஒரு தனிமத்தின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து, அவற்றை மின்னூட்டம் கொண்ட அயனிகளாக்கி, முடுக்கி எனப்படும் இயந்திரத்தில் வேகப்படுத்தி, மற்றொரு தனிமத்தின் மெல்லிய தகட்டின் மீது மோதவிடுகிறார்கள். ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றைவிடக் கனமான அயனிகளைக் கொண்டு இதைச் செய்வதே கன அயனி இயற்பியல்.

இரு கருக்களும் நேருக்கு நேர் மோதாமல் ஓரமாக உரசி ஒன்றுசேர்ந்தால், புதிதாகப் பிறக்கும் கரு பம்பரம் போலச் சுழலத் தொடங்கும். சுழற்சி படிப்படியாகக் குறையும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு காமா கதிரை அது வெளிவிடும். திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட்ட ஜெர்மானியப் படிகங்கள் அந்தக் கதிர்களின் ஆற்றலைத் துல்லியமாக அளக்கின்றன. கதிர்களின் ஆற்றல்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளிலிருந்து, சுழன்ற கரு எந்த வடிவத்தில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்து, ஓசையை வைத்துப் பானையின் வடிவத்தைச் சொல்வதைப் போன்ற வேலை இது.

டேர்ஸ்பரி கோபுரம்

இந்த வேலையில் ஒரு காலத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது பிரிட்டன். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே, செஷயர் பகுதியின் வயல்வெளிகளுக்கு நடுவே, டேர்ஸ்பரி என்ற இடத்தில் சுமார் 70 மீட்டர் உயரமுள்ள ஒரு கான்கிரீட் கோபுரம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அதற்குள் அணுக்கருக் கட்டமைப்பு ஆய்வுக்கான முடுக்கி ஒன்று செங்குத்தாக நிறுவப்பட்டது. கோபுரத்தின் நடுப்பகுதி சுமார் 2 கோடி வோல்ட் அளவுக்கு மின்னேற்றப்படும். எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் அதை நோக்கி இழுக்கப்படும். நடுவில் அவற்றின் எலெக்ட்ரான்கள் பறிக்கப்பட்டு நேர் அயனிகளாக மாறியதும், அதே மின்னழுத்தம் அவற்றை மறுபுறம் தள்ளிவிடும். ஒரே மின்னழுத்தத்தை இருமுறை பயன்படுத்திக்கொள்ளும் சாமர்த்தியமான ஏற்பாடு இது.

1986 ஆம் ஆண்டில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ட்வின் தலைமையிலான குழு இங்கே கால்சியம்-48 அயனிகளை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு முடுக்கி, பல்லேடியம்-108 மீது மோதவிட்டது. அதில் பிறந்த டிஸ்புரோசியம்-152 கருவிலிருந்து 19 காமா கதிர்கள் ஏணிப் படிகள் போல ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசையாகக் கிடைத்தன.

இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தியது. அந்தக் கரு, அகலத்தைப் போல இரு மடங்கு நீளம் கொண்டதாக நீண்டு, ஒரு விநாடிக்கு ஒன்றுக்குப் பின் இருபது பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையை ஒட்டிய முறை சுழன்றுகொண்டிருந்தது. அவ்வளவு வேகமாகச் சுழன்றும் அது சிதறிவிடவில்லை. கோட்பாட்டளவில் எதிர்பார்க்கப்பட்டிருந்த இந்த 'மிகைத் திரிபு' நிலை, அதிவேகச் சுழற்சியில் முதன்முறையாக நேரடியாகக் காணப்பட்டது இங்கேதான். தொடர்ந்து பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதே நிலையை வேறு கருக்களில் தேடிக் கண்டன.

இதன் பின்னர் ஏழே ஆண்டுகளில், 1993 ஆம் ஆண்டில், செலவுக் குறைப்பின் ஒரு பகுதியாக டேர்ஸ்பரி முடுக்கி மூடப்பட்டது. பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாகக் கட்டிய யூரோகாம் என்ற காமா கதிர் உணர்கருவி அங்கே சில மாதங்களே இயங்கியிருந்தது. அது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கோபுரம் மட்டும் எஞ்சியது.

அன்று தொடங்கி, பிரிட்டனின் அணுக்கருக் கட்டமைப்பு ஆய்வாளர்கள் பெரும்பாலும் பிறநாட்டு முடுக்கிகளில் விருந்தாளிகளாகவே பணியாற்றி வருகிறார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பின்லாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று அவர்களது பயணங்கள் நீள்கின்றன.

இந்த ஏற்பாட்டை வெறும் வீழ்ச்சியாக மட்டும் பார்ப்பது சரியாகாது. எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் வசதி எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் இல்லை. 2013 ஆம் ஆண்டில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு, செர்ன் மையத்தின் ஐசோல்டே பிரிவில் ரேடியம்-224 கரு பேரிக்காய் வடிவத்தில் இருப்பதை உறுதிசெய்தபோது, அது நேச்சர் சஞ்சிகையில் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் மறைந்துபோனது ஏன் என்ற பெரிய புதிருக்கு விடை தேடுபவர்களுக்கு, இத்தகைய சமச்சீரற்ற கருக்கள் மிகவும் பயன்படக்கூடியவை. வெளிநாட்டு இயந்திரத்தில் செய்யப்பட்டது என்பதால் அந்த ஆய்வின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆனால் விருந்தாளிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கருவியில் ஒரு பகுதியைச் செய்து கொடுக்க வேண்டும். சந்தாவை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். இரண்டுக்கும் தாய்நாட்டிலிருந்து பணம் வர வேண்டும்.

எட்டுக் கோடி பவுண்டுகள்

அந்தப் பணத்தின் அளவு லண்டனில்தான் தீர்மானமாகிறது. பிரிட்டிஷ் நிதியமைச்சு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அல்லது அதையொட்டிய கால இடைவெளியிலோ செலவுத் திட்டத்தை வகுக்கிறது. அதற்குள் அறிவியலுக்கு எவ்வளவு என்று அரசு சொல்கிறது. எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்பதை அரசியல்வாதிகள் அல்ல, ஆய்வாளர்களே தீர்மானிக்க வேண்டும் என்பது ஹால்டேன் கோட்பாடு என்று அழைக்கப்படும் மரபு. 1918 ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை அதன் மூலமாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் மொத்தத் தொகையே குறைந்துவிட்டால், ஆய்வாளர்களின் கையில் மிஞ்சுவது யாரை வெட்டுவது என்ற சுதந்திரம் மட்டுமே.

அறிவியல் மற்றும் தொழில்நுட்ப வசதிகள் மன்றம் 2007 ஏப்ரலில் இரு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டது. அதுவரை வேறொரு மன்றத்தின் பொறுப்பில் இருந்த அணுக்கரு இயற்பியலும் அப்போது இதன் கீழ் வந்தது. அதே ஆண்டு டிசம்பரிலேயே மூன்று ஆண்டுகளுக்கான கணக்கில் சுமார் 8 கோடி பவுண்டுகள் துண்டுவிழுவதாகத் தெரியவந்தது. 2008 ஏப்ரலில் நாடாளுமன்றப் பொதுச்சபையின் குழு ஒன்று மன்றத்தின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை வெளியிட்டது.

அதன் பிறகு வந்தது உலகப் பொருளாதார நெருக்கடி. பவுண்டின் மதிப்பு யூரோவுக்கு எதிராகக் கடுமையாகச் சரிந்தது. செர்ன் போன்ற அமைப்புகளுக்கான சந்தா சுவிஸ் பிராங்கிலோ யூரோவிலோ கட்டப்பட வேண்டியது. அதைக் குறைக்க முடியாது. பிரிட்டனுக்குள் இயங்கும் பெரிய ஆய்வு வசதிகளையும் திடீரென்று நிறுத்திவிட முடியாது. இவ்விரண்டும் போக மிஞ்சுவது பல்கலைக்கழகக் குழுக்களுக்கான மானியம் மட்டுமே. ஆகவே நாணயச் சந்தையில் நடந்த சரிவு, ஆய்வு மாணவரின் உதவித்தொகையில் போய் விழுந்தது.

அணுக்கரு இயற்பியலுக்கு இதில் ஒரு தனிப் பலவீனம் இருந்தது. வானியலிலும் துகள் இயற்பியலிலும் ஈடுபட்டிருப்பவர்களோடு ஒப்பிட்டால் பிரிட்டனில் இத்துறையினர் மிகச் சிலரே. லிவர்பூல், மான்செஸ்டர், பர்மிங்காம், எடின்பரோ, கிளாஸ்கோ, யோர்க், சரே என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்கள்தான். விண்மீன் கூட்டங்களின் புகைப்படங்களைப் போல மக்களின் மனதைக் கவரும் படங்களும் அவர்களிடம் இல்லை. அணு என்ற சொல்லே பலருக்குக் குண்டையும் கதிரியக்கக் கழிவையும்தான் நினைவூட்டுகிறது. சிறிய துறைக்கு வெட்டு விழுந்தால் சத்தம் குறைவாகவே கேட்கும் என்பது எந்த நாட்டு நிதிநிலை அறிக்கையிலும் காணக்கூடிய உண்மை.

இருந்தாலும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய அறிவியல் அமைச்சர் லார்ட் டிரேசன் 2010 மார்ச்சில் சில மாற்றங்களை அறிவித்தார். நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தால் உண்டாகும் சுமை பல்கலைக்கழக மானியங்களைப் பாதிக்காதவாறு தடுப்பது அவற்றில் முக்கியமானது. ஆலிஸ், அகாட்டா ஆகிய இரு திட்டங்களிலும் பிரிட்டிஷ் குழுக்கள் பின்னர் நீடித்தன.

அவர்கள் நீடித்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு விடை சில மாதங்களிலேயே வந்தது. 2010 நவம்பரில் பெரும் ஹாட்ரான் மோதுவியில் முதன்முறையாக ஈய அயனிகள் மோதவிடப்பட்டன. மோதல் நடந்த இடத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் ஒரு திரவம் போலக் கலந்தோடும் நிலை உருவானது. பெருவெடிப்புக்குப் பின் சில மைக்ரோ விநாடிகள் வரை பிரபஞ்சம் முழுவதும் இந்த நிலையில் இருந்ததாகக் கருதப்படுகிறது. 2012 ஆம் ஆண்டில் வெளியான கணிப்பின்படி அதன் வெப்பநிலை சுமார் 5.5 லட்சம் கோடி டிகிரி; சூரியனின் மையத்தைப் போல மூன்று லட்சம் மடங்குக்கும் அதிகம். இலட்சக்கணக்கான மோதல்களில் எதைப் பதிவுசெய்வது, எதை விட்டுவிடுவது என்று நொடிப்பொழுதுக்குள் முடிவெடுக்கும் மின்னணுவியல் அமைப்பை ஆலிஸ் கருவிக்குச் செய்து கொடுத்தது பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு.

அகாட்டாவின் கதை வேறு. காமா கதிர் ஜெர்மானியப் படிகத்துக்குள் எங்கெங்கே முட்டிச் சிதறியது என்று அதன் தடத்தையே பின்தொடரக்கூடிய கருவி அது. முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டால் 180 படிகங்களைக் கொண்ட ஒரு கோளமாக அது இருக்கும். ஒவ்வொரு படிகமும் 36 பிரிவுகளாகப் பிரித்து வாசிக்கப்படுகிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் அது ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிடையே இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது: முதலில் இத்தாலியின் லெஞ்ஞாரோ, பின்னர் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட், பிரான்ஸின் கான், மறுபடியும் லெஞ்ஞாரோ.

ஒருபுறம் உயர் ஆற்றல் மோதல், மறுபுறம் கருவின் வடிவம் என்று இரு வேறு துறைகளாகக் கருதப்பட்டவை அண்மைக் காலத்தில் நெருங்கிவந்திருப்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் யுரேனியம் கருக்களை மோதவிட்டு, சிதறல்களின் போக்கிலிருந்தே அக்கருவின் நீண்ட வடிவத்தை ஸ்டார் குழு கணித்தது. அந்த முடிவு 2024 நவம்பரில் நேச்சரில் வெளியானது. 2025 ஜூலையில் பெரும் ஹாட்ரான் மோதுவியில் முதன்முறையாக ஆக்ஸிஜன் கருக்களும் நியான் கருக்களும் மோதவிடப்பட்டதற்கு, அவற்றின் வடிவத்தை அறியும் ஆர்வமும் ஒரு காரணம்.

லண்டனிலிருந்து கொல்கத்தாவுக்கு

லண்டன் நகருக்கும் அணுக்கருவுக்கும் உள்ள உறவு நிதி ஒதுக்கீட்டோடு முடிந்துவிடுவதில்லை. மின்னூட்டமற்ற ஒரு துகள் கருவுக்குள் இருக்கக்கூடும் என்று ரதர்ஃபோர்ட் முன்கூட்டியே சொன்னது 1920 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில்தான். அத்துகள், அதாவது நியூட்ரான், 1932 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்கால் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு, அணுவிலிருந்து ஆற்றலைப் பெறலாம் என்பது வெறும் பிதற்றல் என்று ரதர்ஃபோர்ட் பேசியதை டைம்ஸ் நாளிதழில் படித்த ஹங்கேரிய அறிஞர் லியோ சிலார்ட், லண்டன் சவுத்தாம்ப்டன் ரோ வீதியில் போக்குவரத்து விளக்கு மாறக் காத்திருந்தபோது தொடர்வினை பற்றிய எண்ணம் தனக்குத் தோன்றியதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த எண்ணம் எங்கே போய் முடிந்தது என்பதை ஹிரோஷிமா அறியும்.

இந்தியாவுக்கான பாதையும் லண்டன் வழியாகவே சென்றது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அணுக்கரு இயற்பியலில் 1940களின் பிற்பகுதியில் முனைவர் பட்டம் பெற்ற ராஜா ராமண்ணா, மும்பை அருகே டிராம்பேயில் கருப்பிளவு பற்றிய ஆய்வுக்குழுவை உருவாக்கினார். 1974 ஆம் ஆண்டின் பொக்ரான் அணுச்சோதனையில் அவரது பங்கு எல்லோரும் அறிந்ததே. அந்தக் குழுவிலிருந்து வெளிவந்த அடிப்படை ஆய்வுகள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

தமிழகத்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலராக விளங்கியவருமான வி.எஸ். ராமமூர்த்தி, எஸ்.எஸ். கபூர் முதலானோரோடு சேர்ந்து 1970 ஆம் ஆண்டில் டிராம்பேயிலிருந்து வெளியிட்ட ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. கருவுக்கு மேலும் மேலும் ஆற்றலை ஊட்டினால், அடுக்கமைப்பின் தாக்கம் மெல்ல மெல்லக் கரைந்து மறைந்துவிடுகிறது என்பதை அது காட்டியது. புதிய கன தனிமங்களை உருவாக்க முனைபவர்கள் இன்றும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை இது. அடுக்கமைப்பு தரும் உறுதியால் மட்டுமே உயிர்பிழைக்கும் கருக்களை அதிகம் சூடேற்றினால், அவை பிறக்கும்போதே பிளந்துவிடும்.

ராமண்ணாவின் ஊக்கத்தோடு கொல்கத்தாவில் எழுந்தது மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம். பிரிட்டனில் படித்துப் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய பிகாஷ் சின்ஹா அதன் தலைவராக இருந்த காலத்தில், இந்தியா செர்ன் திட்டங்களில் நுழைந்தது. ஆலிஸ் கருவியில் மோதலின்போது வெளிப்படும் ஃபோட்டான்களை எண்ணும் உணர்கருவியைக் கொல்கத்தா மையமும் பல இந்தியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கட்டின. மியூவான்களைக் கண்டறியும் பகுதிக்காக சாஹா நிறுவனம் வடிவமைத்த மானஸ் என்ற மின்னணுச் சில்லு இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டது. பிரிட்டன் விலகப்போவதாக அறிவித்த அதே ஆலிஸில், அதன் முன்னாள் மாணவர்கள் கட்டியெழுப்பிய நாடு காலூன்றிக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்குள்ளும் ஓர் 'அகாட்டா' உண்டு. இந்திய தேசியக் காமா உணர்கருவித் தொகுதி, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களின் முடுக்கிகளுக்கிடையே மாறிமாறிக் கொண்டுசெல்லப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. கல்பாக்கத்தில் அணு உலைகள் இருந்தபோதிலும், இந்த வரிசையில் தமிழகத்து நகரம் எதுவும் இல்லை.

மருத்துவமனைக்குள் வந்த முடுக்கி

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்வி. இதனால் யாருக்கு என்ன பயன்?

வில்லியம் ஹென்றி பிராக் 1904 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆல்ஃபா துகள்கள் காற்றில் எவ்வளவு தூரம் செல்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். பின்னாளில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் ராயல் இன்ஸ்டிட்யூஷனிலும் பொறுப்பு வகித்தவர் இவர். துகள் தன் பயணத்தின் முடிவில், நிற்பதற்குச் சற்று முன்புதான் தன் ஆற்றலின் பெரும் பங்கைக் கொட்டுகிறது என்பதை அவர் கண்டார். அன்று அதற்கு எந்தப் பயனும் தென்படவில்லை. 1946 ஆம் ஆண்டில்தான், இதையே கொண்டு புற்றுநோய்க் கட்டியைத் தாக்கலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் எழுதினார்.

எக்ஸ் கதிர் உடலை ஊடுருவும்போது வழி நெடுகிலும், கட்டிக்கு அப்பாலும்கூட, திசுக்களைத் தாக்குகிறது. புரோட்டான் கற்றையோ, வேகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், கட்டி இருக்கும் ஆழத்திலேயே நின்றுவிடும். மூளைக்கு அருகிலோ முதுகுத் தண்டுக்கு அருகிலோ கட்டி வளர்ந்துள்ள குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடியது.

இங்கேயும் பிரிட்டனின் வரலாறு முன்னோடித்தனமும் தயக்கமும் கலந்தது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை வளாகத்தில் 1955 ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்வுக்கென்று ஒரு சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. 1989 ஆம் ஆண்டில் லிவர்பூல் அருகே கிளாட்டர்பிரிட்ஜில், மருத்துவமனையில் நிறுவப்பட்ட முடுக்கி மூலம் கண் புற்றுநோய்க்கு புரோட்டான் சிகிச்சை தொடங்கியது. ஆனால் அதன் கற்றை சுமார் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்லாது. ஆழமான கட்டிகள் கொண்ட பிரிட்டிஷ் நோயாளிகள் பல ஆண்டுகள் அரசு செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மான்செஸ்டரில் 2018 ஆம் ஆண்டிலும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் 2021 டிசம்பரிலும்தான் அதற்கான மையங்கள் நோயாளிகளை ஏற்கத் தொடங்கின. லண்டனின் நெரிசலான மையப் பகுதியில், தரைக்குக் கீழே சுமார் 90 டன் எடையுள்ள சைக்ளோட்ரான் அமர்ந்திருக்கிறது.

சென்னை இதில் லண்டனை முந்திக்கொண்டது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். தரமணியில் அப்பல்லோ நிறுவனத்தின் புரோட்டான் சிகிச்சை மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அத்தகைய முதல் மையம் அது. ஆனால் அங்குள்ள இயந்திரம் பெல்ஜிய நாட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டது. லண்டன் மருத்துவமனையின் இயந்திரமும் பிரிட்டனில் செய்யப்பட்டதல்ல. முடுக்கியைக் கட்டத் தெரிந்தவர்களை வளர்க்காத நாடு, அதை விலைகொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும். அடிப்படை ஆய்வுக்கான நிதியை வெட்டும்போது பெரும்பாலும் கணக்கில் வராமல் போகும் செலவு இது.

இன்னும் கனமான கார்பன் அயனிகளைக் கொண்டும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஜப்பானின் சிபா நகரில் 1994 ஆம் ஆண்டில் அது தொடங்கியது. ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட் கன அயனி ஆய்வுக்கூடத்தில் 1997 முதல் நோயாளிகளுக்குச் சோதனை முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டு, அந்த அனுபவத்தின் அடிப்படையில் 2009 ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க் நகரில் மருத்துவமனை மையம் அமைந்தது. அணுக்கருக் கட்டமைப்பை ஆராயக் கட்டப்பட்ட முடுக்கி அருகிலேயே இருந்ததால்தான் ஜெர்மனியால் அதைச் செய்ய முடிந்தது.

இதைவிடச் சத்தமில்லாத பயன் ஒன்று தென்மேற்கு லண்டனின் டெடிங்டனில் இருக்கிறது. அங்குள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருட்களின் அரை ஆயுளும் அவை வெளியிடும் கதிர்களின் அளவும் துல்லியமாக அளக்கப்படுகின்றன. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ரேடியம்-223 அவற்றில் ஒன்று. ஒரு நோயாளிக்கு எவ்வளவு மருந்து செலுத்தலாம் என்பதை மருத்துவர் முடிவுசெய்ய உதவும் எண்கள் அணுக்கருக் கட்டமைப்பு ஆய்வின் நேரடி விளைவு. அங்கே பணியாற்றுபவர்கள் கற்றுக்கொண்டது, ஜெர்மானியப் படிகங்களின் முன் அமர்ந்து காமா கதிர்களை எண்ணிய அதே கலையைத்தான்.

2009 ஆம் ஆண்டின் வெட்டை எதிர்த்தவர்கள் முன்வைத்த வாதங்களில் மிகவும் வலுவானது ஆட்களைப் பற்றியதுதான். மருத்துவமனைகளின் கதிர்வீச்சு இயற்பியலாளர்கள், அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு அலுவலர்கள், கழிவுகளைக் கையாளும் நிபுணர்கள் ஆகியோரில் கணிசமானவர்கள் பல்கலைக்கழக அணுக்கரு ஆய்வுக்குழுக்களில் பயிற்சி பெற்றவர்கள். ஹிங்க்லி பாயிண்டில் புதிய அணுமின் நிலையத்தைக் கட்டிவரும் பிரிட்டன், சைஸ்வெல் சி நிலையத்துக்கும் 2025 ஜூலையில் இறுதி ஒப்புதல் அளித்தது. அறுபது ஆண்டுகள் இயங்கும் வகையில் திட்டமிடப்படும் உலைகளுக்கு, மூன்றாண்டுச் செலவுத் திட்டங்களுக்குள் சிக்கித் தவிக்கும் துறையிலிருந்துதான் ஆட்கள் வர வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே டார்ம்ஷ்டாட்டில் ஃபேர் என்ற மாபெரும் கன அயனி முடுக்கி வளாகம் கட்டப்பட்டு வருகிறது. 2010 அக்டோபரில் அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டு, பங்குதாரர் நாடுகளில் ஒன்றானது. கொல்கத்தாவின் போஸ் நிறுவனம் இந்தியாவின் சார்பில் அந்தப் பங்கை வைத்திருக்கிறது. அப்போது செலவுக் குறைப்பின் பிடியிலிருந்த பிரிட்டன் அந்த முதல் வரிசையில் சேரவில்லை. 2013 ஆம் ஆண்டில் இணைப் பங்காளியாகவே அது உள்ளே வந்தது.